கிரே என்றால் எந்த கிரே?

திருப்பூரில் யாரிடமாவது கிரே துணி கேட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு முழம்கூட வராது. வருவது பழுப்பு ஏறிய ஒரு வெள்ளை. பருத்திக்கொட்டைத் தூசு அங்கங்கே கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் மெஷின் எண்ணெய் வாடை லேசாக அடிக்கும். இதற்குத்தான் ஊரே கிரே என்று பெயர் வைத்திருக்கிறது.

நான் மெர்ச்சண்டைசிங் வேலைக்கு, அதாவது துணி ஆர்டர்களைக் கவனித்து முடித்துக்கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இதில் மாட்டிக்கொண்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். நிட்டிங்குக்குப் போய் ஒரு கிரே கட்டிங் வாங்கி வா என்று அனுப்பினார்கள். அங்கே அழகான சாம்பல் நிறத்தில் ஒரு ரோல் நின்றது. அதைக் காட்டி வெட்டித் தரச் சொன்னேன். நிட்டிங் மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"அது மெலாஞ்சு கண்ணு. உங்களுக்கு வேணுங்கறது கிரே."

"இதுதானுங்ணா கிரே கலர்ல இருக்குது?"

"கிரேங்கறது கலர் இல்ல கண்ணு. இன்னும் கலர் ஏறலைங்கறதுக்குப் பேருதான் கிரே."

இருபது வருடம் ஆகப்போகிறது. ஆங்கிலத்தின் இந்த ஒரு சாதாரண நிறச்சொல் கொங்கு நாட்டில் எத்தனை வேஷம் கட்டுகிறது என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவானது. இந்த ஊருக்குள் வந்த கிரே பெரும்பாலும் நிறத்தைச் சொல்ல வரவில்லை. நிறத்தைச் சொல்ல நம்மிடம் வேறு சொற்கள் இருந்தன, இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில் துணி.

பருத்தி செடியிலிருந்து வரும்போது தூய வெள்ளை அல்ல. நாரின் மேல் மெழுகு இருக்கிறது, இயற்கையான நிறமிகள் இருக்கின்றன, கொட்டைத் துணுக்கும் இலைத்தூளும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. நூலாகி, நிட்டிங் மெஷினில் துணியாகி விழும்போதும் இவை எல்லாம் உள்ளேதான் இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கிரே துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேம்பிலையில் விட்ட மாதிரி உருண்டு நிற்கும். மெழுகு தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீரையே விடாத துணி சாயத்தை எப்படி விடும்? அதனால்தான் டையிங்கில் போட்டதும் முதலில் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து மெழுகை எடுக்கிறார்கள். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிறார்கள். அதன் பிறகே சாயம். இந்த வேலையில் மெழுகும் தூசும் போவதால் துணியின் எடை குறையும். போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் புராசஸ் லாஸ் என்று பெயர். அது எவ்வளவு என்பதில் டையிங்காரருக்கும் துணி கொடுத்தவருக்கும் வருகிற வாக்குவாதம் திருப்பூரின் தினசரி இசை.

ஆக கிரே என்பது துணியின் ஒரு பருவம். நெல்லுக்கும் சோற்றுக்கும் நடுவில் அரிசி இருப்பதுபோல, நூலுக்கும் சாயத்துணிக்கும் நடுவில் கிரே இருக்கிறது. எந்த நிறமும் ஆகலாம் என்பதுதான் அதன் மதிப்பு. ஆர்டர் உறுதியாகும், ஆனால் நிறம் முடிவாகாமல் பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர், இழுத்தடிப்பார். அப்போது துணியை ஓட்டி கிரேயாக வைத்துக்கொள்வார்கள். நிறம் வந்த அன்றே டையிங்குக்கு ஏற்றிவிடலாம். சாயம் போட்டு வைத்த துணி அந்த ஆர்டர் கேன்சலானால் தலைவலி. கிரே துணிக்கு வேறு வழி பிறக்கும்.

குறைகளைப் பிடிக்கவும் இதுதான் நேரம். ஓட்டை, ஊசி லைன், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கிரேயிலேயே பார்த்து ஒதுக்கிவிட்டால் சாயச் செலவு மிச்சம். ஆனால் கிரே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடாது. இரண்டு லாட் நூல் கலந்து ஓடியிருந்தால் கிரேயில் ஒன்றும் தெரியாது. சாயம் ஏறி வந்த பிறகு பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருக்கும். அந்த ரோலை மேஜையில் விரித்த நிமிடம் அறையில் யாரும் பேசமாட்டார்கள்.

பனியன் துணி உலகத்தில்தான் கிரே. கொஞ்சம் தள்ளி பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடுகிற ஊர்களுக்குப் போனால் இதே நிலையில் உள்ள நெய்த துணிக்குக் காடா என்று பெயர். பத்திரிகைகளும் காடா துணி என்றுதான் எழுதும். அதில் மெழுகோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: கஞ்சி. தறியில் அடிபட்டு அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்கு சைசிங்கில் கஞ்சி ஏற்றுவார்கள். ஊடைக்குக் கஞ்சி கிடையாது. அதனால் காடாவைத் தொட்டாலே மொடமொடப்பு தெரியும். வெளுப்பதற்கு முன் கஞ்சியையும் எடுத்தாக வேண்டும். தறிக்காரர்கள் பலருக்கு இந்தத் துணி சொந்தமும் இல்லை. பாவும் ஊடையும் கொடுத்து நெய்து வாங்குகிற ஜவுளிக்காரரின் துணி அது, தறிக்காரருக்குக் கூலி. அந்தத் துணி பிறகு எந்த ஊரில் எந்த நிறமாகிறது என்று நெய்தவர் பார்ப்பதே இல்லை.

மூன்றாவதாகக் கோரா. இந்தியில் வெளுக்காத, தண்ணீர் படாத புதுத்துணியைக் கோரா என்பார்கள். நம்மூர்க் கடைகளிலும் கோரா துணி என்றால் அதுதான். புவிசார் குறியீடு பெற்ற கோவை கோரா காட்டன் சேலையின் பெயரிலும் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. பருத்தியும் பட்டும் சேர்ந்த சேலை அது.

தமிழுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. கோடி. கோடித் துணி என்றால் இன்னும் நனைக்காத புதுத்துணி. இழவு வீட்டில் கோடி போடுவது கொங்கில் இன்றைக்கும் தவறாத முறை. அந்தச் சடங்கின் கனத்தாலோ என்னவோ வியாபாரத்தில் யாரும் அந்தச் சொல்லைத் தொடவில்லை. காலையில் லோடு ஏற்றும்போது கோடி வந்துவிட்டதா என்று எந்த முதலாளி கேட்பார்?

சரி, வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் இருக்கிற துணிக்கு ஆங்கிலேயர் ஏன் கிரே என்றார்கள்? பிரெஞ்சில் கிரேஜ் என்று ஒரு சொல் உண்டு. கச்சாப் பட்டைக் குறிப்பது. அது இத்தாலிய மொழியில் கச்சா, பதப்படுத்தாதது என்ற பொருளுள்ள கிரெஜ்ஜோவிலிருந்து வந்தது. நிறத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஆங்கிலத் துணி வியாபாரம் இதை எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பையர்களின் தாளில் இன்றைக்கும் கிரேஜ் என்ற எழுத்துக்கூட்டலைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் பருத்தி வியாபாரமோ நேரடியாகவே கிரே என்று எழுதியது. மான்செஸ்டர் துணி இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக வந்த காலத்தில் இறக்குமதிக் கணக்குகளில் துணியை கிரே, வெள்ளை, கலர் என்று பிரித்துத்தான் எழுதினார்கள். கிரே என்றால் வெளுக்காதது. மில்லுக்கும் ஏற்றுமதிக்கும் சொல் அங்கிருந்து வந்தது. நம் ஆட்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெயின்ட் கடையில் கிரேஜ் என்று ஒரு ஷேடு காட்டுவார்கள். அது வேறு. கிரேயையும் பீஜையும் கலந்து இப்போது அந்தப் பொருளில் புழங்குகிறது.

இனி அந்த மெலாஞ்சுக்கு வருவோம்.

கிரே மெலாஞ்ச் நிஜமாகவே சாம்பல் நிறம். டி-ஷர்ட், டிராக் பேண்ட் என்று உலகம் முழுக்கப் போட்டுத் திரிகிற அந்தப் புள்ளி புள்ளிச் சாம்பல். ஆனால் அதற்கு டையிங்கில் சாம்பல் சாயம் போடுவதில்லை. ஸ்பின்னிங் மில்லிலேயே கறுப்புச் சாயம் போட்ட நாரைக் கொஞ்சம் எடுத்து வெள்ளை நாரோடு கலந்து நூற்றுவிடுவார்கள். கறுப்பு நார் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு அடர்த்தி. ரொம்ப அடர்த்தியானதற்கு ஆந்த்ரா மெலாஞ்ச் என்று பெயர். ஆந்திராவுக்கும் இதற்கும் உறவில்லை. நிலக்கரி வகையான ஆந்த்ரசைட்டின் சுருக்கம். புதுப் பையன்கள் எல்லோரும் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டுத்தான் அடங்குவார்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். கிரே மெலாஞ்ச் துணி மெஷினிலிருந்து இறங்கி, இன்னும் வாஷ் ஆகாமல் ரோலாக நின்றால், அந்த நிலையிலும் அது கிரே துணிதான். அதாவது கிரே மெலாஞ்ச் கிரே. முதல் கிரே நிறம், இரண்டாவது கிரே நிலை. ஸ்டாக் நோட்டில் இதை எழுதும் கணக்குப்பிள்ளை ஒருவர் முதலாவதைச் சிவப்புப் பேனாவில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மெலாஞ்சை உற்றுப் பார்த்தால் அங்கே சாம்பல் நிற நார் ஒன்றுகூடக் கிடையாது. கறுப்பும் வெள்ளையும்தான். தள்ளி நின்று பார்க்கிற கண்தான் சாம்பலைச் செய்துகொள்கிறது. தலைமுடியும் இதே கதை. நிறமி போன முடி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட வெள்ளை. கறுப்பு முடிகளோடு கலந்து நிற்பதால் மொத்தத் தலை சாம்பலாகத் தெரிகிறது. ஆங்கிலேயர் தள்ளி நின்று பார்த்து கிரே ஹேர் என்றார். நாம் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து "வெள்ளமுடி வந்துருச்சு" என்கிறோம். எழுதும்போது நரை. நரைக்கு முடியைத் தவிர வேறு வேலை அதிகம் இல்லை. நரை சட்டை, நரை சுவர் என்று யாரும் சொல்வதில்லை.

திருப்பூரில் கிரேக்கு மூன்றாவது உத்தியோகமும் இருக்கிறது, நீதிபதி உத்தியோகம். துவைத்தால் சாயம் போகிறதா, பக்கத்துத் துணியில் ஒட்டுகிறதா என்று லேபில் சோதிப்பார்கள். முடிவை எப்படிச் சொல்வது? கொஞ்சம் போகிறது, நிறையப் போகிறது என்றெல்லாம் பையரிடம் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சிறிய அட்டை இருக்கிறது. பெயர் கிரே ஸ்கேல். ஜோடி ஜோடியாகச் சாம்பல் பட்டைகள். 5 என்ற ஜோடியில் இரண்டும் ஒரே சாம்பல். 4-5, 4 என்று இறங்க இறங்க இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய் 1 என்ற ஜோடியில் வித்தியாசம் உச்சம். அரைப்படிகளோடு சேர்த்து மொத்தம் 9 படிகள். துவைக்காத துண்டையும் துவைத்த துண்டையும் பக்கத்தில் வைத்து, அந்த வித்தியாசம் எந்தச் சாம்பல் ஜோடியின் வித்தியாசத்துக்குச் சமம் என்று கண்ணால் பார்த்து எண் போடுவார்கள். அடுத்த துணியில் கறை ஏறுவதற்குத் தனி அட்டை. அதில் ஜோடியில் ஒன்று எப்போதும் வெள்ளை. சிவப்புச் சட்டையானாலும் பச்சைச் சட்டையானாலும் தீர்ப்பு சாம்பலில்தான். எந்த நிறத்தின் பக்கமும் சாயாத நிறம் அது ஒன்றுதானே. வெயிலில் சாயம் வெளுப்பதற்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே நீலக் கம்பளிப் பட்டைகளை வைத்து 1 முதல் 8 வரை எண்.

ஷேடு பார்க்கிற லைட் பாக்ஸின் உட்புறமும் இதே காரணத்தால் சாம்பல் பெயின்ட். வெள்ளையாக இருந்தால் கண் கூசும். வேறு நிறமாக இருந்தால் துணியின் நிறத்தை அது இழுத்துவிடும். டி65 என்ற பகல் வெளிச்சத்தில் பொருந்துகிற இரண்டு துண்டுகள், கடை வெளிச்சமான டிஎல்84ஐப் போட்டதும் பிரிந்து நிற்கிற அநியாயத்தை அந்தச் சாம்பல் பெட்டிக்குள்தான் முதலில் பார்ப்போம்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் இரண்டு வார்த்தை. பிரிட்டனில் கிரேயின் நடுவில் ஈ (grey), அமெரிக்காவில் ஏ (gray). 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி ஏ போட்டுத்தான் எழுதியது. பிரிட்டன் பிற்பாடு ஈ பக்கம் சாய்ந்தது. இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஐரோப்பியப் பையரின் எக்செல் தாளில் ஒரு மாதிரியும் அமெரிக்கப் பையரின் தாளில் இன்னொரு மாதிரியும் இருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ஒருமுறை எங்கள் டீமில் அரை ஆர்டருக்கு மட்டும் நூல் புக் செய்து, மீதி இருப்பதே தெரியாமல் நாலு நாள் நிம்மதியாக இருந்திருக்கிறோம். வெப்சைட் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு எழுத்துக்கூட்டலும் செல்லும். ஆனால் அங்கே வேறொரு வேடிக்கை. டார்க் கிரே என்ற பெயருள்ள நிறம் வெறும் கிரேயைவிட வெளிறியது. 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் கிரே 128, டார்க் கிரே 169. இரண்டு வேறு வேறு பழைய பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்து ஒட்டியதால் வந்த வினை.

கிரேஹவுண்ட் நாயின் கிரேகூட நிறம் இல்லை. பெட்டை நாயைக் குறித்த ஒரு பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லோடு தொடர்புடையது என்கிறார்கள். அந்த நாய் எல்லா நிறத்திலும் வரும்.

சரி, நிஜமான நிறத்தை நாம் என்னவென்று சொல்கிறோம்? எழுத்தில் சாம்பல் நிறம். பேச்சில் அது குறைவு. ஈரோடு ஜவுளிக்கடையில் சட்டைத்துணி எடுக்கிற ஒருவர் "ஆஷ் கலர்ல காட்டுங்க" என்பார். கொஞ்சம் வயதானவர் "சிமெண்ட் கலரு" என்பார். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சிமெண்ட் இங்கே நன்றாகவே பழகிய நிறம். கார் வாங்குபவருக்கு அதே நிறம் சில்வர். சாம்பல், ஆஷ், சிமெண்ட் மூன்றும் பொருளின் பெயர்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு மாதிரி நிறத்துக்கென்றே பிறந்த தனிச்சொல் இந்த இடத்தில் நமக்குப் பொதுவாக அமையவில்லை.

இதில் குறை ஒன்றும் இல்லை. 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் பல மொழிகளின் நிறச்சொற்களை ஒப்பிட்டார்கள். ஒரு மொழியில் கறுப்பும் வெள்ளையும் முதலில் வரும், அடுத்து சிவப்பு, அப்புறம் பச்சையும் மஞ்சளும், பிறகு நீலம், பழுப்பு என்று வரிசை போட்டார்கள். ஊதா, ரோஜா, ஆரஞ்சு, கிரே நான்கையும் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தார்கள். ஆங்கிலத்தில் அடிப்படை நிறச்சொற்கள் 11 என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தமிழில் கிரேக்குச் சொல் இல்லை என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகத் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சொல் இல்லை என்பது உண்மை. முடிக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று எதன் மேல் அந்த நிறம் இருக்கிறதோ அதற்குத் தக்க சொல் இருக்கிறது.

வானத்தை எடுங்கள். ஆங்கிலத்தில் கிரே டே என்றால் மனசு சுருங்கிய நாள். வெயிலுக்கு ஏங்குகிற ஊரில் பிறந்த சொல் அது. கொங்கு நாடு மேற்கு மலையின் மழை மறைவில் கிடப்பது. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும், நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் மிச்சம். இங்கே வானம் சாம்பல் பூத்தால் "மோடம் போட்டிருக்குது" என்பார்கள். சொல்கிறவர் முகத்தைப் பாருங்கள், வருத்தம் இருக்காது. களத்தில் எதையாவது காயப்போட்டவர் மட்டும் ஓடுவார். ஆங்கிலக் கதையைத் தமிழாக்குகிறவர் கிரே ஸ்கையை சாம்பல் வானம் என்று எழுதினால் நிறம் வந்துவிடும், அந்தச் சோகம் வராது. நம் வாசகர் மழை வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டுவிடுவார்.

காட்டுக்குப் போனால் இன்னொன்று. ஆங்கிலத்தில் கிரே ஜங்கிள்ஃபவுல் என்கிற பறவையை ஆனைமலைப் பக்கம் வெறுமனே காட்டுக்கோழி என்பார்கள். வட இந்தியாவில் சிவப்புக் காட்டுக்கோழி உண்டு. பிரித்துக்காட்ட ஆங்கிலத்துக்கு நிறம் வேண்டும். இங்கே இருப்பது ஒரே காட்டுக்கோழி, அடைமொழிக்கு அவசியமில்லை. கௌதாரியும் அப்படித்தான். ஆங்கிலப் பெயரில் கிரே இருக்கிறது, தமிழ்ப் பெயரில் இல்லை.

உருவகங்களில்தான் மொழிபெயர்ப்பு படுத்துகிறது. கிரே ஏரியாவை சாம்பல் பகுதி என்று எழுதுவதைப் பார்க்கிறேன். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டும் இடமா என்று தோன்றுகிறது. சட்டம் தெளிவாகச் சொல்லாத இடம் என்று சொன்னால் போதும். கறுப்புச் சந்தையும் இல்லாமல் முறையான சந்தையும் இல்லாமல் நடப்பது கிரே மார்க்கெட். புதிய பங்குகள் பட்டியலாகும் முன் கோவையில் டீக்கடை வரை பேசப்படுகிற பிரீமியம் அங்கேதான் உருவாகிறது. அதை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, நல்லது. கறுப்புப் பண மாற்றத்தையும் பயங்கரவாத நிதியையும் கண்காணிக்கிற எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு பாகிஸ்தானை 2018 முதல் 2022 வரை வைத்திருந்த கிரே லிஸ்ட் செய்திகளில் சாம்பல் நிறப் பட்டியல் ஆனது. கறுப்புப் பட்டியல் என்று ஏற்கெனவே ஒன்று இருப்பதால் அது ஓரளவு புரிந்துவிடுகிறது. கிரே வாட்டர் என்பது குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்; கழிவறைத் தண்ணீர் அதில் சேராது. சுற்றுச்சூழல் அறிக்கைகள் அதைச் சாம்பல் நீர் என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பாட்டி வீட்டில் அது சலதாரைத் தண்ணி. நேராக வாழைக்குப் போகும்.

மாட்டுக்கு வருவோம். இங்கேதான் கொங்கு நாடு ஆங்கிலத்தைவிட முன்னால் நிற்கிறது என்பேன்.

காங்கேயம் மாட்டை இனவிவரப் புத்தகங்களில் தேடினால் நிறம் கிரே என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். காங்கேயத்துப் பக்கம் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கே மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறம் பார்த்துப் பெயர். செவலை சிவப்பு, காரி கறுப்பு, பிள்ளை வெள்ளை. மயிலைதான் கிரே. ஆனால் சாம்பல் என்று சொன்னால் மாட்டுக்காரர் ஏற்கமாட்டார். சாம்பல் அணைந்துபோனதன் நிறம். மயிலையில் ஒரு மினுமினுப்பு இருக்கிறது; வெள்ளையில் கறுப்பு ஊறி வருகிற சாயல் அது.

அந்த நிறம் மாட்டோடு சேர்ந்தே வளர்கிறது என்பதுதான் விசேஷம். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பு. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து சாம்பல் தெரியத் தொடங்கும். காளையாக வளர வளர திமில், கழுத்து, முன்னங்கால், பின்தொடைப் பக்கம் கறுப்பு ஏறும். பூச்சிக்காளை என்று இனவிருத்திக்கு விட்டிருக்கிற காளையில் அந்தக் கறுப்பு நன்றாகத் தெரியும். ஆண் ஹார்மோனின் வேலை அது. காயடித்துவிட்டால் கறுப்பு தங்காது, உழவு எருது பொதுவாக ஒரே வெளிர் சாம்பலாக நிற்கும். பசுக்கள் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். ஆகவே நிறத்தைச் சொன்னாலே வயதும் ஆண்மையும் ஓரளவு தெரிந்துவிடுகிறது. கிரே என்ற ஒற்றைச் சொல்லால் இது முடியாது.

இந்த இனத்தைக் கட்டிக் காத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு இணையான பங்கு கொரங்காட்டுக்கும் உண்டு. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற மேய்ச்சல் நிலம் அது. கோடையில் புல் காய்ந்து, மண் வெளுத்து, நடுவில் ஒரு மயிலைப் பசு நின்றால் முதல் பார்வைக்குக் கண்ணில் படாது. வால் ஆடினால்தான் தெரியும்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தைக்கு ஒருமுறை போயிருந்தேன், வாங்க அல்ல, வேடிக்கை பார்க்க. கூட வந்த பெங்களூர் நண்பர் ஒரு ஜோடி எருதைக் காட்டி, இந்த கிரே கலர் என்ன விலை என்று கேட்டார். மாட்டுக்காரப் பெரியவருக்கு கிரே புரியவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய பேரன் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவன். அவன்தான் விளக்கினான்.

"கிரேன்னா சாயம் போடாததுங்க அப்புச்சி."

பெரியவர் எருதின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "பின்ன, சாயம் போட்டா கொண்டாருவாங்க?"